சுவாமி ஏறாத வள்ளம்

கிறிஸ்தோப்பர் தண்ணீரில் சாகமாட்டான் என்று எங்கள் ஊர் முடிவுகட்டியபோது அவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்று இப்போது சொல்கிறான். அதை நம்ப நான் ஆயத்தமில்லை. அந்த நாட்களில் அவன் கடற்கரையில் நடந்த நடையை நான் கண்ணால் கண்டவன்.

எங்கள் புன்னைமுனை கடலுக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவில் கிடக்கும் ஒரு துண்டு மணல். கோடையில் களப்பின் முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கும். பட்டினத்திலிருந்து பங்குச் சுவாமி சைக்கிளை உருட்டிக்கொண்டு கரையோடு வந்து எங்கள் அந்தோனியார் கோயிலில் பூசை வைத்துவிட்டுப் போவார். மாரி வந்தால் களப்பு நிறைந்து, முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு கடலுக்குள் பாயும். பிறகு யாராவது வள்ளம் கொண்டுபோய் ஏற்றிவந்தால்தான் சுவாமி வருவார். அந்த மாதங்களில் எங்கள் ஊரில் பாவங்கள் கொஞ்சம் கூடுதலாக நடக்கும். மாசியில் எல்லாவற்றையும் சுவாமியிடம் மொத்தமாகச் சொல்லலாம் என்ற தைரியம்.

கிறிஸ்தோப்பரின் பெண்சாதி புனிதமலருக்கு மட்டும் அந்தத் தைரியம் இல்லை. அவளுடைய தம்பி சந்தியோகு ஒரு மாரியில்தான் கடலில் போனான். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்துக்கு முந்திய மாரி அது. வள்ளம் கவிழ்ந்து வந்தது. ஆள் பிறகு கரையொதுங்கினான். அவன் செத்ததைவிட, சுவாமி இல்லாமல் செத்ததுதான் அவளை அரித்தது. சந்தியோகு நல்ல பிள்ளைதான், ஆனால் பரிசுத்தவான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடைசிக் கிழமையில் மூப்பர் ஞானப்பிரகாசத்தின் சேவல் ஒன்று காணாமல் போயிருந்தது. அந்தச் சேவலைப் பற்றிச் சந்தியோகு பாவசங்கீர்த்தனம் செய்திருக்க வழியில்லை. புனிதமலர் சுவாமியிடம் போய், என் தம்பி எங்கே இருப்பான் என்று நேராகவே கேட்டாள். ஆண்டவருடைய இரக்கம் மிகப் பெரியது என்றார் சுவாமி. இரக்கம் மிகப் பெரியது என்று ஒரு சுவாமி சொன்னால், நிலைமை மிக மோசம் என்றுதான் எங்கள் ஊர்ப் பெண்கள் விளங்கிக்கொள்வார்கள். அவள் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினாள். அழவில்லை. நரகத்தில் இருப்பவனுக்காக அழுவதா, பாவம் கழித்து மோட்சம் போகக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருப்பவனுக்காக அழுவதா என்று தெரியாமல் எப்படி அழுவது என்று என் பெண்சாதியிடம் கேட்டாளாம்.

தம்பியை விட்டுவிட்டாள், புருஷனையாவது பிடித்துவைக்கவேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி பிடித்தது. மாதத்தின் முதல் வெள்ளியில் பூசைக்குப் போய் நன்மை அப்பம் எடுத்து, அப்படித் தொடர்ந்து ஒன்பது மாதம் எடுத்தவர், சுவாமியின் கையால் பாவமன்னிப்பு, எண்ணெய், நன்மை என்ற கடைசி நேரத்துத் தேவதிரவிய அனுமானங்களைப் பெறாமல் சாகமாட்டார் என்பது இருதய ஆண்டவரின் வாக்கு. வேதக்காரருக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் எங்கள் ஊரில் ஒன்பதை எட்டிப்பிடித்த ஆண்பிள்ளை ஒருவனும் இல்லை. ஆறோ ஏழோ முடிகிற நேரம் மாரி வந்து குறுக்கே விழும், கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கிறிஸ்தோப்பரைப் புனிதமலர் மாரியிலும் விடவில்லை. அவன் முகத்துவாரத்தை நீந்திக் கடந்து, இடுப்பில் ஈரச் சாரத்தோடு பட்டினத்துக்கு நடந்துபோய் நன்மை எடுத்துவிட்டு வந்தான். எட்டாம் வெள்ளிக்கு அவனுக்குக் காய்ச்சல். காய்ச்சலோடு போனால் குளிர் தெரியாது என்று அவள் அவனைத் தள்ளிவிட்டாள்.

ஒன்பதாம் வெள்ளி எங்கள் கோயிலிலேயே வந்தது. பூசை முடிந்து சுவாமி தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனபிறகு, மூப்பர் ஞானப்பிரகாசம் கோயில் முற்றத்தில் எழுந்து நின்றார். கோயில் காரியங்களுக்குப் பொறுப்பானவர் அவர். ஊரில் வழக்கு என்று ஒன்று இருந்தால் அதைத் தீர்ப்பதிலும் அவருக்குத் தனி ஆசை. வழக்கு இல்லாவிட்டால் ஒன்றை உண்டாக்குவார்.

"கிறிஸ்தோப்பர் இனிச் சுவாமி இல்லாமல் சாகேலாது. கடல்லை சுவாமி இல்லை. அப்ப கிறிஸ்தோப்பர் கடல்லை சாகேலாது" என்றார்.

முற்றம் முழுவதும் அந்தப் பேச்சில் பிழை தேடியது. ஒருவருக்கும் கிடைக்கவில்லை. நான் இன்றுவரை தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிறகு நடந்ததெல்லாம் தன்பாட்டில் நடந்தது. கிறிஸ்தோப்பர் தாழமாட்டான் என்றால் அவன் வள்ளமும் தாழாது. வள்ளம் தாழாவிட்டால் அதில் இருப்பவர்களுக்கும் பயமில்லை. அவனோடு கடலுக்குப் போக ஆட்கள் வரிசையில் நின்றார்கள். தங்கள் புருஷன்மாருக்கு அந்த வள்ளத்தில் இடம் கேட்டுப் பெண்கள் புனிதமலரின் குசினிக்கு நண்டும் முட்டையும் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் வள்ளத்தை இழுத்துக் கரையில் போடுகிற காற்றில் கிறிஸ்தோப்பர் பாய் விரித்தான். அவனுக்கு நல்ல மீன் பட்டது, அந்தக் காற்றில் வலை போட வேறு ஆள் இல்லையே. கரையில் இறங்கி வரும்போது நெஞ்சு அவனுக்கு ஒரு முழம் முன்னால் வரும். புனிதமலர் மட்டும், ஆண்டவரைச் சோதிக்காதேங்கோ என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் அதையும் ஒரு புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டான்.

அந்த நெஞ்சைக் கொஞ்சம் உள்ளே தள்ளியவர் வேதக்காரர்கூட இல்லை. உருத்திரபுரத்தில் குடியேறி வயல் செய்யும் வீரகத்தி என்று ஒரு யாழ்ப்பாணத்துச் சைவர், அறுத்த கதிரைச் சூடு அடித்து முடிந்ததும் வண்டிலில் நெல் ஏற்றிக்கொண்டு கருவாட்டுக்கு மாற்ற எங்கள் பக்கம் வருவார். மூப்பர் அவருக்கு முழு விளக்கமும் சொன்னார். வீரகத்தி வெற்றிலையை மென்றபடி கவனமாகக் கேட்டார். எங்களுக்கும் வெள்ளிக்கிழமை விசேஷமான நாள்தான், ஆனால் இவ்வளவு உத்தரவாதம் எங்கள் பிள்ளையார்கூடத் தந்ததில்லை என்று மெச்சினார். பிறகு கிறிஸ்தோப்பர் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் சரி தம்பி. அந்தச் சுவாமியே ஒருநாள் உன்ரை வள்ளத்திலை ஏறினால்?"

மூப்பர் பதில் சொல்ல எழுந்து, திரும்பவும் உட்கார்ந்தார். சுவாமி வள்ளத்தில் இருந்தால் கடைசி நேரத்துக்கு வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அப்போது கிறிஸ்தோப்பர் மற்றவர்களைப் போல, வாக்கு ஒன்றும் மீறப்படாமல், தாராளமாகச் சாகலாம். வீரகத்தி கருவாட்டை ஏற்றிக்கொண்டு சந்தோஷமாகப் போய்விட்டார்.

அன்றிலிருந்து சுவாமியை ஏற்றி இறக்கும் முறை வந்தால் கிறிஸ்தோப்பரின் உடம்புக்கோ வள்ளத்துக்கோ ஒரு வருத்தம் வந்துவிடும். ஒருமுறை இடுப்புப் பிடிப்பு. ஒருமுறை வள்ளத்தில் ஓட்டை. அந்த ஓட்டையை அவனே வெட்டியதாக ஒரு கதை இருக்கிறது. முன்பெல்லாம் முழங்காலளவு தண்ணீரில் இறங்கிச் சுவாமியின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டவன் அவன். சுவாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து, மனதில் வர்மம் வைத்திருப்பவர்களைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்தார். கிறிஸ்தோப்பர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான். யாருக்கோ நல்ல அடி விழுகிறது என்று அவனுக்குத் திருப்தி.

அதற்கடுத்து வந்த தை மாதம் சுவாமி ஒரு ஞானஸ்நானத்துக்காக மூப்பரின் வள்ளத்தில் எங்கள் ஊருக்கு வந்து தங்கியிருந்தார். காலையில் பூசை முடிந்த கையோடு வாடைக்காற்று எழும்பிவிட்டது. தென்னோலைகள் பிய்ந்து பறந்தன. இனி இரண்டு நாளைக்குச் சுவாமிக்குப் பட்டினம் இல்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போது, களப்பின் வடகரையிலுள்ள இறால் பிடிப்பவர்கள் தங்கும் வாடியிலிருந்து ஒரு வள்ளம் காற்றில் அள்ளுண்டு வந்து எங்கள் கரையில் மோதி வாய்பிளந்தது. அதிலிருந்து இறங்கிய ஆள் புனிதமலரைத் தேடினான். அவளுடைய அண்ணன் செபமாலை வாடியில் நெருப்புக் காய்ச்சலோடு கிடந்தவர். இப்போது பேச்சுத் தடுமாறுகிறது, சுவாமி, சுவாமி என்று மட்டும் கேட்கிறார் என்றான்.

செபமாலை பாவசங்கீர்த்தனம் செய்து நெடுங்காலம். ஒரு பெருநாள் ஊர்வலத்தில் அந்தோனியார் சுரூபம் தூக்கத் தனக்கு இடம் தரவில்லை என்று கோபித்து, அந்த நாளிலிருந்து கோயில் வாசலுக்கு அப்பால் வராத மனிதர். அவர் சுவாமியைக் கேட்கிறார் என்றால், தனக்கு இனி நாள் இல்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது என்று எங்களுக்கு விளங்கியது.

சுவாமி வீண் கதை பேசவில்லை. பூசையில் மிஞ்சிய நன்மை ஒன்றைச் சிமிழில் வைத்து, எண்ணெய்க் குப்பியையும் எடுத்து, பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வெள்ளைத் தொப்பியோடு களப்புக் கரையில் வந்து நின்றார். எந்த வள்ளம் என்று கேட்டார். வருவது காற்றோடு, போவது காற்றுக்கு எதிராக. அந்தக் காற்றில் போகக்கூடிய வள்ளம் ஊரில் ஒன்றுதான் இருந்தது. எல்லோரும் கிறிஸ்தோப்பரைப் பார்த்தார்கள். கிறிஸ்தோப்பர் தன் கால்பெருவிரலைப் பார்த்தான்.

அவனோடு போக இடம் கேட்டு அடிபட்டவர்களெல்லாம் அங்கேதான் நின்றார்கள். ஒருவனுக்குத் திடீரென்று மாமியார் நினைவு வந்தது. இன்னொருவன் வள்ளம் பாரம் கூடினால் கூடாது என்று மிகுந்த அக்கறையோடு சொன்னான். நானும் அங்கேதான் நின்றேன். எனக்கு அன்று என்ன வேலை இருந்தது என்று இப்போது ஞாபகமில்லை, அவசரமான வேலை.

புனிதமலர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கிறிஸ்தோப்பர் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்கினான். அவள் அவனை முடிக்க விடவில்லை.

"சந்தியோகு அப்பிடிப் போனான். அண்ணையும் அப்பிடிப் போனால், நீங்கள் சாகாமல் இருந்து எனக்கென்ன?"

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போடவும் இல்லை. கிறிஸ்தோப்பர் இடுப்பிலிருந்து கையை எடுத்தான். பயம் அவன் முகத்தில் வெளிப்படையாகக் கிடந்தது, ஆனால் போகாமலிருக்க முடியாது என்பதும் அதே முகத்தில் தெரிந்தது. அப்போது அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. சுவாமி வேறொரு வள்ளத்தில் இருக்கட்டும், தான் தன் வள்ளத்தில் முன்னால் போய்க் கயிறு கட்டி இழுக்கிறேன் என்றான். சொல்லிவிட்டுச் சுவாமியிடம் மெதுவாக, பாவமன்னிப்பு எவ்வளவு தூரத்துக்குச் செல்லும் என்று கேட்டான். கயிற்றின் நீளத்தைத் தீர்மானிக்கவேண்டுமே.

நீர் கண்ணுக்குத் தெரிகிற தூரமெல்லாம் செல்லும், ஏன் கேட்கிறீர் என்றார் சுவாமி. அந்தக் களப்பில் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குக் கயிறு ஊரில் இல்லை. கிறிஸ்தோப்பர் மூப்பரைப் பார்த்தான். மூப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒன்பதாம் வெள்ளி தொடக்கம் வீரகத்தி ஈறாக எல்லாவற்றையும் சுவாமிக்கு எடுத்துச் சொன்னார். காற்றுக்கு மேலால் கத்திச் சொல்லவேண்டியிருந்ததால் அது இன்னும் கேவலமாகக் கேட்டது. இடுப்புப் பிடிப்புக்கும் ஓட்டைக்கும் காரணம் சுவாமிக்கு அப்போதுதான் தெரியவந்தது. அவருடைய தாடிக்குள் என்ன நடந்தது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"உமக்குக் கிறிஸ்தோப்பர் எண்டு பேர் வைச்சது ஆர்?" என்று மட்டும் முதலில் கேட்டார். ஆண்டவரைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடத்திவிட்ட அர்ச்சியசிஷ்டவரின் பெயர் அது. பிறகு பையைத் தட்டிக் காட்டினார்.

"இதுக்குள்ளை இருக்கிற நன்மை ஒண்டு. அது செபமாலைக்கு. எண்ணெயும் அவருக்குத்தான். பாவசங்கீர்த்தனமும் உமக்கு வள்ளத்துக்குள்ளை நான் கேக்கமாட்டன். காலைப் பிடிச்சாலும் கேக்கமாட்டன். இப்ப சொல்லும், நீர் எப்பிடிச் சாவீர்?"

கிறிஸ்தோப்பர் மறுபடி மூப்பரைப் பார்த்தான். மூப்பர் கண்ணை மூடி, விரல் மடித்து, நெடுநேரம் யோசித்தார். சாகேலாது என்று தீர்ப்புச் சொன்னார். வள்ளம் தண்ணீரில் இறங்கியது.

நடுக் களப்பில் நடந்ததை அறிய எங்களுக்கு இரண்டு சாட்சிகள். கிறிஸ்தோப்பர் கூட்டிச் சொல்வான், சுவாமி குறைத்துச் சொல்வார். இரண்டையும் சேர்த்துப் பாதியாக்கியதுதான் நான் சொல்வது. கரையோரத்தில் வள்ளம் தள்ளும் கம்பு நன்றாக ஊன்றியது. கிறிஸ்தோப்பர் பின்னால் நின்று தள்ளினான், சுவாமி நடுவில் குந்தியிருந்தார். மாரி வெள்ளத்தோடு ஆறு களப்புக்குள் வந்து விழும் இடத்தில் முதல் அலை வள்ளத்துக்குள் ஏறியது. சுவாமி தொப்பியைக் கழற்றித் தண்ணீர் இறைக்கத் தொடங்கினார். வேறு பாத்திரம் இருந்தது, அது அலையோடு போய்விட்டது. சுவாமி பிறந்தது பனங்காட்டு ஊர். குளத்தைக்கூடக் கரையில் நின்று பார்த்தவர்.

மூன்றாவது தடவை தண்ணீர் ஏறியபோது கிறிஸ்தோப்பர் தனக்குப் பாவசங்கீர்த்தனம் வேண்டும் என்றான். துணைக்கு வராதவர்களைக் கரையிலிருந்து புறப்படும்போது அவன் பேசிய பேச்சு ஒன்றே ஒரு ஆளை நரகத்துக்கு அனுப்பப் போதும். பழைய பாக்கி வேறு.

"கம்பை ஊண்டும்" என்றார் சுவாமி.

"சுவாமி, நான் சாகப்போறன்."

"ஏலாது. மூப்பர் சொன்னவர்."

கிறிஸ்தோப்பர் அனுமதி கேட்பதை விட்டுவிட்டுத் தன் பாவங்களைக் கத்திச் சொல்லத் தொடங்கினான். கேட்டாலே அது பாவசங்கீர்த்தனம் ஆகிவிடும் என்று அவனுக்கு எண்ணம். சுவாமி அது காதில் விழாமலிருக்க, தொப்பியால் இறைத்தபடியே ஒரு லத்தீன் பாட்டை உச்சக் குரலில் எடுத்தார். ஒருவர் பாவத்தைக் கத்த, மற்றவர் மாதாவைப் பாட, வள்ளம் ஒரு முழம் போவதும் அரை முழம் பின்வாங்குவதுமாக இருந்தது. காற்று எங்கள் ஊர்ப் பக்கமாக வீசியது. ஆனாலும் தூரம் அதிகமானதால் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பாவங்களில் என் வலையைப் பற்றியும் ஒன்று இருந்ததாகக் கேள்வி.

பிறகு கம்புக்கு நிலம் எட்டாமல் போனது. வள்ளம் பக்கவாட்டில் திரும்பியது. கத்தல் நின்றுவிட்டதைக் கவனித்துச் சுவாமி பாட்டை நிறுத்திப் பின்னால் திரும்பிப் பார்த்தார். கிறிஸ்தோப்பர் அவரைப் பார்க்கவில்லை. கம்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றான், உதடு மட்டும் அசைந்தது. கொஞ்சத்தில் கம்பு மறுபடி நிலத்தைத் தொட்டது. அவன் தள்ளினான்.

பொழுது சாய்கிற நேரம் அவர்கள் வாடியில் இறங்கினார்கள். செபமாலை பாயில் கிடந்தார், ஆனால் கண் திறந்திருந்தது. சுவாமி நனைந்த சட்டையோடு உள்ளே போய் எல்லோரையும் வெளியே அனுப்பினார். அத்தனை வருஷத்துக் கணக்கைத் தடுமாறுகிற நாக்கால் சொல்லி முடிப்பது இலேசான காரியமா? வாடிக்காரர்கள் தேத்தண்ணி வைத்துக் குடித்து, மறுபடியும் வைத்துக் குடித்தார்கள். கடைசியில் சுவாமி எண்ணெய் பூசினார், நன்மை கொடுத்தார். செபமாலை சுகமாக நித்திரைகொண்டார். எல்லோரும் முழந்தாளில் நின்று காத்திருந்தார்கள். அவர் சாகவில்லை. விடிய எழும்பிக் கஞ்சி கேட்டார். கஞ்சியைக் குடித்துவிட்டு, சாகப்போகிறேன் என்று நினைத்துத்தானே எல்லாவற்றையும் சொன்னேன் என்று சுவாமியிடம் மனத்தாங்கலாகச் சொன்னாராம்.

காற்று அடங்கும்வரை காத்திருந்தபோது கிறிஸ்தோப்பர் சுவாமியிடம் கோபத்தோடு கேட்டான். நான் உண்மையாகவே செத்திருந்தால் என் ஆத்துமத்துக்கு யார் பொறுப்பு என்றான்.

"கம்பு உம்மடை கையிலை இருந்தது" என்றார் சுவாமி. "அதை விட்டிருந்தீரெண்டால் தந்திருப்பன். நான் நீந்தத் தெரியாதவன், கிறிஸ்தோப்பர்."

அவர்கள் திரும்பிவந்தபோது ஊரே கரையில் நின்றது. நாங்கள் சுவாமியைக் கைகொடுத்து இறக்கினோம். அவருடைய தொப்பி இனித் தலைக்கு உதவாது. மூப்பர்தான் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். இவ்வளவு நாளும் இது தன் புத்திக்கு எட்டவில்லையே என்றார். சுவாமி ஒவ்வொரு நாளும் பூசை வைத்து நன்மை எடுப்பவர். ஒன்பது வெள்ளி அவருக்கு எத்தனையோ தரம் முடிந்திருக்கும். ஆகவே அவரும் இன்னொரு சுவாமி வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுக்காமல் சாகமுடியாது. வள்ளத்தில் இன்னொரு சுவாமி ஏது? உலகத்திலேயே தாழாத வள்ளம், ஒரே ஒரு சுவாமி இருக்கிற வள்ளம். நாங்கள் எல்லோரும் சுவாமியைத் திரும்பிப் பார்த்தோம். எங்கள் பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை. அன்றே பட்டினம் போகவேண்டும் என்றார். அடுத்த மாரியில் கரும்புயல் அறிகுறி கண்ட நாட்களில், எங்களில் சிலர் அவரைக் கடலுக்கு அழைக்கப் பட்டினத்துக்குப் போனது உண்மை. அவருக்கு உதவியாக ஒரு இளம் சுவாமி வந்து சேர்ந்தபோது, இருவரையும் ஒரே வள்ளத்தில் ஏற்றுவதில்லை என்று ஊர்கூடித் தீர்மானித்ததும் உண்மை.

ஆனால் சுவாமியைப் பட்டினத்தில் விட்டுவிட்டுக் கிறிஸ்தோப்பர் வீட்டுக்கு வந்த அந்தப் பின்னேரம் நடந்தது வேறு. அதை அவன் எனக்குப் பல வருஷம் கழித்துச் சொன்னான். அவன் சொன்னவற்றில் இந்த ஒன்றை மட்டும் நான் சந்தேகப்பட்டதில்லை.

புனிதமலர் குசினியில் அவனுக்குச் சோறு போட்டுக் கொடுத்தாள். அண்ணன் தப்பிவிட்டார், புருஷன் முழுசாக முன்னால் இருக்கிறான். ஆனாலும் அவள் முகத்தில் சந்தோஷத்துக்கு இடம் போதவில்லை. சுவாமி பக்கத்தில் இருந்தும் உங்களுக்குத் தரவில்லையா என்று கேட்டாள். இல்லை என்றான். அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். அவன் சோற்றைப் பிசைந்தபடி இருந்தான். வெட்கமாக இருந்தது என்றான் என்னிடம்.

"மனஸ்தாப மந்திரம் சொன்னனான். தர ஆளில்லையெண்டு தெரிஞ்ச உடனை அது தானாய் வந்தது. ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை, புனிதம். உள்ளுக்குள்ளையிருந்து வந்தது. சின்ன வயசிலையிருந்து சொல்லுறனான், ஒருநாளும் அப்பிடிச் சொன்னதில்லை."

சுவாமி கிடைக்காத இடத்தில் பாவத்துக்கு மனம் நொந்து அதைச் சொன்னால் ஆண்டவர் மன்னிப்பார் என்பது உபதேச வகுப்பில் எல்லோரும் படித்ததுதான். அவள் கையில் அகப்பையோடு நின்றாள். அவன் தலை நிமிராமல் அடுத்ததைச் சொன்னான்.

"சந்தியோகுவும் சொல்லியிருப்பான்."

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் ஒரு கொள்ளியை உள்ளே தள்ளினாள். பிறகு, பயந்து பயந்து, வழக்கில் எதிர்ப்பக்கம் பேசுகிறவளைப் போலச் சொன்னாள்.

"அவனுக்கு அந்த மந்திரம் முழுக்கப் பாடமில்லை. உபதேச வகுப்பிலை அடி வாங்கினவன். முதல் வரிக்கு அங்காலை அவனுக்கு ஒருநாளும் வராது."

"எனக்கும் முதல் வரிக்கு அங்காலை வரேல்லை. அந்த ஒண்டைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னனான். அங்கை அவ்வளவுக்குத்தான் நேரம் இருக்கும்."

"அவ்வளவு நேரம் அவனுக்கும் இருந்திருக்கும்" என்றாள்.

"ஓம். இருந்திருக்கும்."

அவள் அகப்பையை வைத்துவிட்டு அடுப்படியிலேயே இருந்து அழத் தொடங்கினாள். தம்பி போன மாரியிலிருந்து உள்ளே கிடந்ததெல்லாம் வந்தது. அக்கம்பக்கத்தில் எங்களுக்கெல்லாம் கேட்டது. செபமாலை செத்துப்போன செய்திதான் வந்துவிட்டது என்று நினைத்து நாங்கள் ஓடிப்போனோம். வாசலில் எங்களைக் கண்டதும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஒன்றுமில்லை, சந்தியோகுவுக்காக அழுகிறேன் என்றாள்.